புல எண் நாற்பத்தொன்று

படிவம் முதலில் நான்கெல்லை கேட்கிறது.
வடக்கே ரோடு. மேற்கே உவர்த்தரவை.
கிழக்கே பக்கத்து ஊரின் உடைமரக் காடு.
தெற்கே என்று எழுதிவிட்டுப்
பேனாவைத் தூக்கிக்கொண்டேன்.

தோணிவலசை.
வரைபடத்தில் என் கட்டைவிரல் வைத்தால்
மறைந்துவிடும்.

இங்கே ஏன் ஊர் என்று கேட்டால்
மண்வெட்டி பதில் சொல்லும்.
மணல்மேட்டில் இடுப்பளவு தோண்டு, நல்ல தண்ணீர்.
இன்னும் ஒரு முழம் ஆசைப்பட்டால் உப்பு.
கீழே கடல், மேலே பெய்த மழை,
பாலில் ஆடை மாதிரி.
அந்த ஆடை விரிந்த மட்டும்தான் வீடுகள்.
ஆடை கிழிகிற இடத்தில் சீனிக்காதர் வீடு;
அங்கே குடித்த டீயில்
கருப்பட்டி கூடுதலாக இருந்தது,
ஏன் என்று கேட்கவில்லை.

வரலாறுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
'குறிப்பு' என்று அரை அங்குலம்.

வலசை வந்தவர்கள்
ஆட்டோடு வந்தார்களா படகோடு வந்தார்களா,
இரண்டு தெருவுக்கு இரண்டு பதில்.
அப்புறம் சங்கு. அப்புறம் கொழும்புக்குக் கருவாடு.
அப்புறம், நெடுங்காலம், சுண்ணாம்பு.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பார் இருந்திருக்கிறது.
கடப்பாரையால் நெம்பி வள்ளத்தில் ஏற்றினார்கள்.
மாதா கோயில் சுவர், பள்ளிவாசல் ஹவுது,
முனியசாமி பீடம்
மூன்றும் ஒரே கல்.
கிட்டே போய்ப் பார்த்தேன்:
ஊசி நுழையும் அறை அறையாக,
ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குடியிருந்த தடம்.
கட்டியது போக மிச்சம் காளவாசலுக்கு.
எந்தெந்த ஊர்ச் சுவரிலோ
இந்தக் கடல் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது.

பார் போனது.
அலை நேரே வந்தது.

'அ' பதிவேடு சொல்வது:
நாற்பது, நத்தம்.
நாற்பத்தொன்று, தென்னை பதினெட்டு, கிணறு ஒன்று,
பட்டாதாரர் சவேரியம்மாள்.
நாற்பத்திரண்டு, கடற்கரைப் புறம்போக்கு.
கையிலிருந்த கருவி
நாற்பத்தொன்றில் நிற்க வேண்டுமானால்
கழுத்தளவு தண்ணீரில் இறங்கு என்றது.
நான் தர்மபுரிக்காரன். நீச்சல் தெரியாது.

"வத்தத்துல வாங்க சார், காட்டுறேன்."
சவேரியம்மாள் மகள் பாக்கியவதி.
விரல்களில் கிழிதுணி சுற்றி, ரப்பர் செருப்போடு,
நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பாசிக்குப் போகிற கோலத்தில் நின்றாள்.
இடுப்பில் பாலித்தீன் உறை,
உள்ளே கிஸ்தி ரசீதுகள்,
கடைசி ரசீதில் மை கலைந்திருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் போனோம்.
இடுப்பு மட்டும் தண்ணீர், பிறகு மார்பு.
அவள் கண்ணால் தேடவில்லை, காலால் தேடினாள்.
இங்கே வாசல். இங்கே துவைகல்.
"இந்தா, கிணறு."
வட்டமாக ஒரு சுவர் என் பாதத்தில் இடித்தது.
அதே கல்.
திரும்பக் கடலுக்கே வந்து,
உச்சி முழுக்கக் கட்டக்கோரை முளைத்து.

நஷ்ட ஈடா வேண்டும் என்று கேட்டேன்.
சிரித்துவிட்டாள்.
"பொன்னுத்தாயி வந்து அறுத்துட்டுப் போறா சார்.
கடல் பொதுதான். கிணறு எங்களுது.
கிணத்துல முளைச்சது யாருக்கு?
அதை எழுதிக் குடுங்க போதும்."

நான் படித்த சட்டத்தில்
இதற்குப் பிரிவு இல்லை.
அலை ஒன்று மூக்கில் ஏறியது.

"நடுவுல வாய் வச்சுப் பாருங்க,
இன்னும் ஊறுது" என்றாள்.
அவள் தோளைப் பிடித்துக் குனிந்தேன்.
காலடியில் ஒரு சில்லிப்பு இருந்தது, உண்மை.
வாயில் உப்புதான்.
"இனிக்குதா?"
அவள் முகத்தைப் பார்த்தேன்.
தலையை எப்படி ஆட்டினேன் என்று
எனக்கே தெரியவில்லை.

கரையேறி, கை காய்ந்ததும்
அரை அங்குலத்தில் எழுதினேன்:
கிணறு ஒன்று. உபயோகத்தில் உள்ளது.

மேலிடத்திலிருந்து திரும்பி வரும்.
வரட்டும்.
தெற்கெல்லையை
இன்னும் நிரப்பவில்லை.